மரகதத்துக்கு ஒரு கேள்வி

தம்பி, அந்தப் பையை மேல வைக்காதீங்க, மடியிலயே வச்சுக்கங்க. இந்த டிரைவர் பிரேக்கை மிதிச்சாருன்னா மேல இருக்கிறது அம்புட்டும் நம்ம தலையிலதான் வந்து விழும். பைண்டிங் மேல தங்க எழுத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன். பிஹெச்டி புஸ்தகம்தானே? யுனிவர்சிட்டியில கொடுக்கப் போறீங்களா? சபாஷ். எந்தப் பாடம்? கல்வியியலா! அட, என்ன தம்பி நீங்க, நம்ம வீட்டு ஆளால்ல இருக்கீங்க. எங்க வீட்டம்மாவும் அதே பாடம்தான். கல்வித் தத்துவம். டாக்டர் மரகதவல்லி. ஊசி போடுற டாக்டர் இல்ல, உங்க டாக்டரு.

நல்லா சாஞ்சு உக்காருங்க. மதுரை போய்ச் சேர நேரமிருக்கு. நமக்குச் சொந்த ஊரு அருப்புக்கோட்டை. சவுந்திரபாண்டின்னு சொன்னா தெரியும். பந்தல், சமையல், பரிமாற ஆளு, எல்லாம் நம்மகிட்டதான். கல்யாணமா இருக்கட்டும், காதுகுத்தா இருக்கட்டும், ஒரு குறை சொல்லிட்டு ஒரு ஆள் போகமாட்டான். நான் படிச்சது பத்தாவது. அதுவும் தட்டித் தடுமாறி. ஆனா ஒரு விசேஷத்தை எப்படி நடத்தணும்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேணாம்.

அதனால உங்களுக்கு ஒரு யோசனை சொல்றேன், கேட்டுக்கங்க. வைவா வைப்பாங்கள்ல, எல்லாரையும் உக்கார வச்சு, யாரு வேணா கேள்வி கேக்கலாம்னு? அந்தக் கேள்வியெல்லாம் முன்கூட்டியே எழுதி ஆளுக்கு ஒண்ணாக் குடுத்துருங்க. என்ன சிரிக்கிறீங்க? உங்க டிபார்ட்மென்ட்லயும் அதேதானா? பின்ன! எல்லா இடத்துலயும் நடக்கிறதுதானே தம்பி. அதைத்தானே நானும் செஞ்சேன். ஊரு உலகத்துல இல்லாத பாவத்தையா செஞ்சுட்டேன்? அதுக்குப் போயி ஒரு பொம்பளை இப்படி வாயடைச்சுப் போயிருவாளா, நீங்களே சொல்லுங்க.

இல்ல இல்ல, சண்டையெல்லாம் இல்ல. சண்டை போட்டாத்தான் நல்லா இருக்குமே. சோறு போடுறா, பள்ளிக்கூடம் போறா, வர்றா. என்ன கேட்டாலும் 'ம்'. அம்புட்டுத்தான். வீடு கருமாதி வீடு மாதிரி இருக்கு தம்பி. சொல்லக்கூடாது, இருந்தாலும் சொல்றேன்.

அவ அப்படிப்பட்ட ஆளே இல்ல. பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா. கல்யாணம் ஆகி வந்தப்பவே எங்கம்மா சொல்லுச்சு, 'இவ வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிட்டு வாடா'ன்னு. அப்ப எங்க ஊருக்குப் பக்கத்துல ஒரு எய்டட் ஸ்கூல்ல மூணாங்கிளாஸ் டீச்சரா இருந்தா. சாயங்காலம் வந்தா அந்தப் புள்ளைக கதைதான். யாரு பல்லு விழுந்துச்சு, யாரு பென்சிலை யாரு திருடுனா, எல்லாம் எனக்குத் தெரியும்.

அதுல வேணின்னு ஒரு புள்ளை. அதுதான் இதுக்கெல்லாம் ஆரம்பம். செங்கச்சூளையில வேலை பாக்குற வீட்டுப் புள்ளை. ஒரு நாள் இவ வாய்ப்பாடு கேட்டுக்கிட்டு வந்திருக்கா. வேணி முறை வந்துச்சு. எந்திரிச்சு நின்னுச்சாம். நின்னுட்டு, 'டீச்சர், உங்களுக்குத்தான் தெரியுமே, அப்புறம் ஏன் என்கிட்டக் கேக்குறீங்க?' அப்படின்னு கேட்டுச்சாம்.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு தம்பி. கெட்டிக்காரப் புள்ளைதானே? கிளாஸே கொல்லுன்னு சிரிச்சிருக்கு. இவளுக்குக் கோபம். திமிருன்னு நினைச்சு வெளியில முட்டி போட வச்சுட்டா. அவ்வளவுதான். அந்தப் புள்ளை அதுக்கப்புறம் அந்த வருஷம் முழுக்க வகுப்புல வாயே திறக்கல. கெஞ்சிப் பார்த்திருக்கா, மிட்டாய் வாங்கிக் குடுத்துப் பார்த்திருக்கா, ஒண்ணும் நடக்கல. அப்புறம் அந்தக் குடும்பம் வேற சூளைக்குப் போயிருச்சு. எந்த ஊருன்னு யாருக்கும் தெரியல.

'அந்தப் புள்ளை திமிராக் கேக்கலைங்க. நெசமாவே தெரியாமக் கேட்டுச்சு. எனக்குப் பதில் தெரியல. தெரியலைன்னு சொல்லாம முட்டி போட வச்சுட்டேன்' அப்படின்னு என்கிட்ட வந்து அழுதா. நான், 'அட விடும்மா, சின்னப்புள்ளைக்கு என்ன, இந்நேரம் மறந்திருக்கும்'னேன். வேற என்ன சொல்றது?

அவ மறக்கல. எம்.எட். சேரணும்னா. சேருன்னேன். அதுல கல்வித் தத்துவம்னு ஒரு பேப்பராம். மத்தவங்கெல்லாம் தலையைப் பிச்சுக்குவாங்களாம், இவளுக்கு அது அல்வா மாதிரி. முடிச்சுட்டு, 'இதையே பிஹெச்டி பண்ணட்டுமா'ன்னு பயந்து பயந்து கேட்டா. 'லீவு போட்டுட்டுப் படி, நான் இருக்கேன்'னு சொன்னேன். எத்தனை புருஷன் சொல்வான் தம்பி? எங்க அண்ணன் கேலி பண்ணான். எங்க மாமனாரே, 'புள்ளைகுட்டி இல்லாத வீடு, படிச்சுட்டுப் போகட்டும்'னு ஒரு மாதிரி பேசுனாரு. நான் யாரு பேச்சையும் காதுல வாங்கல. இருக்கிற அறையில நல்ல அறையை அவளுக்கு விட்டேன். மேசை, நாற்காலி, ஃபேன், எல்லாம் நானே பார்த்துப் பார்த்து வாங்குனது.

எதைப் பத்தி எழுதுனான்னா, கேள்வியைப் பத்தி. ஆமா தம்பி, கேள்வி கேக்குறதைப் பத்தியே ஒரு புஸ்தகம்! உலகத்துலயே பதில் தெரிஞ்ச ஆளு, தெரியாத ஆளைப் பார்த்துக் கேள்வி கேக்குற இடம் வகுப்பறை ஒண்ணுதானாம். அது நெசக் கேள்வியா, இல்ல கேள்வி மாதிரி ஒண்ணா? அதுக்குப் புள்ளை சொல்றது பதிலா, இல்ல வேற என்னமோவா? இப்படிப் போகுது. சாப்பிடும்போது வந்து உக்காந்துக்குவா. 'நீங்க சாம்பார் கொதிக்கும்போது மாஸ்டர்கிட்ட உப்பு போதுமான்னு கேக்குறீங்கள்ல, அது நெசக் கேள்வி. உங்களுக்குத் தெரியாமத்தானே கேக்குறீங்க. நான் வாய்ப்பாடு கேட்டது அப்படியா?' அப்படிம்பா. நான், 'ஆமாமா, சரிதான், சரிதான்'னுக்கிட்டே மறுநாள் விசேஷத்துக்கு யாரை எந்தப் பந்திக்கு விடுறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருப்பேன். அவளுக்கு அதுவே போதும். பேசுறதுக்கு ஒரு ஆளு வேணும், அம்புட்டுத்தான்.

புஸ்தகம் முடிஞ்சு, அனுப்பி, வைவாவுக்குத் தேதி வந்துச்சு. வந்ததுல இருந்து இவ சரியாச் சாப்பிடல. விடியக்காலமே எந்திரிச்சு மொட்டைமாடியில தனக்குத்தானே பேசிக்கிட்டு நடப்பா. என்னம்மான்னு கேட்டா, 'பயமா இருக்குங்க'ன்னா. எனக்கு மனசு தாங்கல.

'அஞ்சாவது இயல்ல ஒரு ஓட்டை இருக்குங்க. வேணி கேட்ட கேள்விக்கு நான் சுத்திச் சுத்தி எழுதியிருக்கேன், நேராப் பதில் சொல்லல. நல்லாப் படிக்கிறவங்க யாராச்சும் அதைப் பிடிச்சுருவாங்க. பிடிச்சுக் கேட்டா, நான் அத்தனை பேருக்கு முன்னாடி நின்னு யோசிக்கணும். கேக்கணும்ங்க. இத்தனை வருஷமும் அதுக்குத்தான்' அப்படின்னா.

தம்பி, எனக்கு அதுல காதுல விழுந்தது ரெண்டே வார்த்தை. பயம். ஓட்டை. பந்தல்ல ஓட்டைன்னா என்ன செய்வோம்? மழை வர்றதுக்குள்ள தார்பாயைப் போட்டு மூடுவோம். பொண்டாட்டி பயந்து சாப்பிடாமக் கிடக்கா, நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்க முடியுமா?

அவ டிபார்ட்மென்ட்ல இன்பராஜ்னு ஒரு தம்பி இருந்தாப்ல. இவளுக்கு ஜூனியர். அவருக்கு போனைப் போட்டேன். 'என்னண்ணே, அக்கா கேள்வியே குடுக்க மாட்டேங்கிறாங்க, வர்றவங்க கேக்கட்டும்கிறாங்க. யாருண்ணே இதையெல்லாம் படிச்சுட்டு வந்து கேக்கப்போறா? ஹால் கப்சிப்னு கிடக்கும், அசிங்கமாப் போயிரும்'னாப்ல. கேட்டதும் எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. 'அக்காவுக்குத் தெரிய வேணாம், நீங்களே நல்லதா எழுதுங்க தம்பி, ஆளு நான் தர்றேன்'னேன்.

அன்னைக்கு நடத்துனேன் பாருங்க விசேஷம்! வாசல்ல வாழைமரம், பன்னீர், சந்தனம், உள்ள மேடையில செவ்வந்தி மாலை. 'என்னங்க இது, கல்யாணமா'ன்னா. 'உனக்கு இது அதுக்கும் மேலம்மா'ன்னேன். சிரிச்சா தம்பி. அரக்குப் பட்டுல மேடையேறிப் பேச ஆரம்பிச்சா. எனக்கு ஒண்ணும் புரியல, ஆனா என் கண்ணுல தண்ணி நிக்கல. வேணின்னு பேரைச் சொன்னப்ப மட்டும் தாளைக் கீழ வச்சுட்டு நிமிர்ந்து சொன்னா. கடைசியில, 'கேளுங்கள், எனக்குத் தெரியாததும் இதில் இருக்கிறது' அப்படின்னு சொல்லிட்டு, அவையைப் பார்த்துக்கிட்டு நின்னா பாருங்க. பந்தியில முத ஆளா உக்காந்த சின்னப்புள்ளை இலையைப் பார்க்குமே, அந்த முகம்.

முதல் கேள்வி ஒரு ஸ்காலர் பொண்ணு கேட்டுச்சு. 'உங்கள் ஆய்வின் கல்விசார் பயன்பாடுகள் யாவை?' நல்லா பதில் சொன்னா. ரெண்டாவதா ஒரு பையன், 'உங்கள் ஆய்வின் மாதிரி அளவு எவ்வளவு?'ன்னான். இவ கொஞ்சம் முழிச்சா. 'இது தத்துவ ஆய்வுங்க. கணக்கெடுப்பு இல்ல. மாதிரின்னு ஒண்ணும் இதுல கிடையாது' அப்படின்னா. அந்த இன்பராஜ் பயல், அவன் தீசிஸுக்கு எழுதி வச்சிருந்த கேள்வியையே பேரை மட்டும் மாத்திக் குடுத்திருக்கான்னு எனக்கு அப்ப என்ன தெரியும்?

மூணாவது ஆளு நம்ம கோட்டைச்சாமி. நம்மகிட்ட பந்தி விசாரிக்கிற ஆளு. வெள்ளைச் சட்டை போட்டுக் கூட்டிட்டுப் போயிருந்தேன், பார்த்தா பேராசிரியர் மாதிரியே இருப்பாப்ல. எந்திரிச்சு, கணீர்னு, 'தாங்கள் எந்தப் புள்ளியியல் முறையைக் கையாண்டீர்கள்?' அப்படின்னாப்ல. ஒரு எழுத்து பிசகல.

இவ கோட்டைச்சாமியைப் பார்த்தா. அப்புறம் என்னைப் பார்த்தா. நான் கதவோரம் நின்னு, அசத்துன்னு கட்டை விரலைத் தூக்கிக் காமிச்சேன்.

'புள்ளியியல் பயன்படுத்தலைங்கண்ணே' அப்படின்னு மெதுவாச் சொன்னா. அதுக்கப்புறம் வந்த கேள்விக்கெல்லாம் டக்கு டக்குன்னு பதில் வந்துச்சு. மேல கீழ பார்க்கல, யோசிக்கல. வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி. பக்கத்துல இருந்தவரு, 'உங்க வீட்டம்மா செம பிரிப்பரேஷன்'னாரு. எனக்கு நெஞ்சு நிமிர்ந்துபோச்சு.

புஸ்தகத்தைப் படிச்சுப் பாஸா இல்லையான்னு சொல்ற வெளியூர் அம்மா ஒருத்தங்க வந்திருந்தாங்க. புதுச்சேரிப் பக்கம். வயசானவங்க, மேகலான்னு பேரு. அவங்க வச்சிருந்த பிரதியில பக்கத்துக்குப் பக்கம் காகிதத் துண்டா நீட்டிக்கிட்டு இருந்துச்சு. எல்லாரும் கேட்டு முடிச்சதும், அவங்க கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, 'மரகதவல்லி, ஐந்தாவது இயல்ல அந்தக் குழந்தை உங்களைக் கேட்டதே' அப்படின்னு ஆரம்பிச்சாங்க.

இவ மைக்கை விட்டுட்டு ரெண்டடி முன்னாடி வந்துட்டா தம்பி.

எனக்குத் திக்குன்னு ஆச்சு. அஞ்சாவது இயல்! அந்த ஓட்டை! இத்தனை பேருக்கு முன்னாடி இவ திணறி நிக்கணுமான்னு ஆயிருச்சு. அவ வழிகாட்டி தாமோதரன் சார் மேடையில இருந்தாரு. சாப்பாடு தயாரானா சைகை காமிங்கன்னு ஏற்கெனவே சொல்லி வச்சிருந்தாரு. நான் கையை வாய்க்கிட்டக் கொண்டுபோயிக் காமிச்சேன். அவரும் மனுஷன்தானே, பசி இருக்கும்ல? 'அம்மா, நேரமாயிருச்சு, சாப்பிட்டுக்கிட்டே பேசலாமே. மரகதவல்லிக்கு நாம பட்டத்தைப் பரிந்துரைப்போம்'னுட்டாரு. படபடன்னு கைதட்டல். நான்தான் முதல்ல தட்டுனேன். அந்தம்மா புஸ்தகத்தைத் திறந்தபடியே கொஞ்ச நேரம் வச்சிருந்துட்டு மூடுனாங்க.

சாப்பாட்டு அறையில இவ ஒரு நாற்காலியைத் தூக்கிட்டு வந்து அந்தம்மா பக்கத்துல போட்டுக்கிட்டு உக்காரப் போனா. 'ஏம்மா, அவங்க நிம்மதியா ரெண்டு வாய் சாப்பிடட்டும். வந்தவங்களை யாரு கவனிக்கிறது? போட்டோக்காரரு வேற காத்துக்கிட்டு இருக்காரு'ன்னு நான்தான் அனுப்பிவச்சேன். அந்தம்மாவுக்கு நானே நின்னு பரிமாறினேன். ஒரு குறை வைக்கல. ரயிலுக்கு நேரமாகுதுன்னாங்க, நம்ம காரையே கொடுத்து அனுப்புனேன். இவ போட்டோவை முடிச்சுட்டு ஓடி வர்றதுக்குள்ள கார் கேட்டைத் தாண்டிருச்சு.

வீட்டுக்கு வந்து பட்டுச்சேலையை மாத்திக்கிட்டு உக்காந்தா. 'எப்படிம்மா இருந்துச்சு'ன்னேன். 'ரொம்ப நல்லா நடத்துனீங்க'ன்னா. அவ்வளவுதான் தம்பி. அன்னைக்கு நின்ன பேச்சுதான்.

லீவு முடிஞ்சதும் பழையபடி அந்த மூணாங்கிளாஸுக்கே போயிட்டா. பி.எட். காலேஜ்ல பாடம் நடத்தக் கூப்பிட்டாங்க, போகல. அந்தப் புதுச்சேரி அம்மாவுக்கு ஒரு போன் பண்ணிப் பேசேன்னு சொல்லிப் பார்த்தேன். 'என்னன்னு பேசுறது? நான் எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டேன்ல'ன்னா. வாசல்ல டாக்டர்னு போர்டு எழுதி மாட்டுனேன், நிமிர்ந்து பார்க்கல. அவ வகுப்புல இப்ப கேள்வியே கேக்குறதில்லையாம், ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டுக் குறைப்படுறாரு.

ஒரு நாள் நானே கேட்டேன் தம்பி. மனசு கேக்கல. 'ஏம்மா, அந்த வேணி கேட்டதுக்கு என்னதான் பதிலு?' அப்படின்னேன். சும்மா, பேச்சுக் குடுப்போமேன்னு. தட்டுல கையை உதறிட்டு, எதிர்ல வந்து உக்காந்தா. 'உங்களுக்கு நெசமாவே தெரியணுமா?'ன்னா. 'ஆமா'ன்னேன். 'அந்தப் புள்ளை என்கிட்டக் கேட்டுச்சுல்ல, அப்ப நான்...' அப்படின்னு ஆரம்பிச்சா. எத்தனை மாசத்துக்கப்புறம் அந்த முகத்துல வெளிச்சத்தைப் பார்த்தேன் தெரியுமா? பாழாப்போன போனு அப்பத்தானா அடிக்கணும். வத்திராயிருப்புல முகூர்த்தக்கால், பந்தல்காரன் வரலைன்னு பொண்ணு வீட்டுக்காரரு கத்துறாரு. விட முடியுமா? 'ஒரு நிமிஷம்மா'ன்னுட்டு வாசலுக்கு வந்து பேசி, ஆளை அனுப்பிட்டுத்தான் உள்ள போனேன். அடுப்படியில பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தா. 'சொல்லும்மா'ன்னேன். 'ம். ஒண்ணுமில்லைங்க'ன்னா.

நான் கேட்டது சரியான கேள்வி இல்ல போல. படிக்காதவன் கேட்டா எப்படி இருக்கும்? உங்களை மாதிரி ஆளு கேட்டிருந்தா அவ விட்டிருக்க மாட்டா.

நான் நல்லது நினைச்சுத்தான் தம்பி எல்லாம் செஞ்சேன். எனக்கு அவ பட்டம் வேணாம், போர்டு வேணாம். அவ பேசணும். சாப்பிடும்போது எதிர்ல வந்து உக்காந்து, புரியாததை எல்லாம் பேசணும். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், பந்தி முடிஞ்சு ஆயிரம் பேரும் கிளம்புன பிறகும், வீட்டுக்குப் போகணுமேன்னு எண்ணுன பாத்திரத்தையே திரும்ப எண்ணிக்கிட்டு நிக்கிறேன்.

ரிங்ரோடு வந்துருச்சு, அடுத்தது உங்க ஸ்டாப்புதான். ஒரு உதவி பண்ணுங்க தம்பி. நீங்க அதே பாடம் படிச்சவரு. அந்த அஞ்சாவது இயலைப் பத்தி நல்ல கேள்வியா ஒண்ணு சொல்லுங்க. அவ அசந்துபோய்ப் பேச ஆரம்பிக்கிற மாதிரி. ஊருக்குத் திரும்பிப் போற வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்து மனப்பாடம் பண்ணிக்கிறேன், இன்னைக்கே வீட்டுக்குப் போய்க் கேட்டுர்றேன். அப்படியே அதுக்குப் பதிலையும் சொல்லிட்டு இறங்குங்க. அவ சொல்றது சரியான்னு எனக்குத் தெரியணும்ல.